படிக்கத் தெரியாதவனிடம் நீ கொடுத்த சீட்டு

சாமி, இதை உன் அப்பனே எழுதுகிறேன். நான் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதித் தந்த கடிதம் இல்லை இது. பக்கத்தில் ஒருவரும் இல்லை. கோழி ஒன்று மட்டும் வாசலில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. எழுத்து கோணலாக இருக்கும். சில இடத்தில் அழித்து எழுதியதில் தாள் ஓட்டையாகிவிட்டது, அதைச் சுற்றிப் படித்துக்கொள். எல்லாம் எழுதிவிட்டு இந்த முதல் தாளை மட்டும் திருத்தி எழுதுகிறேன், இன்றோடு பதினோரு நாள் ஆயிற்று. ஒரு நாளைக்கு அரைப் பக்கம்தான் கை ஓடுகிறது. ஆனால் அந்த அரைப் பக்கத்தை முடித்துவிட்டுத் திரும்பப் படிக்கும்போது வருகிற சந்தோஷம் இருக்கிறதே, முதல் அறுப்பு மிளகைக் களத்தில் கொட்டிப் பார்க்கும் சந்தோஷம்கூட அதற்குப் பிறகுதான். எழுபது வயதில் இப்படி ஒரு சந்தோஷம் கிடைத்திருக்கிறது, அதை வைத்துக்கொண்டு நான் எழுத வந்திருப்பதோ வெட்கக்கேடான ஒரு சங்கதி. என்ன செய்வது, இரண்டும் ஒரே கதவு வழியாகத்தான் வந்தன.

உன் கல்யாணப் பத்திரிகை வந்து சேர்ந்தது. தபால்காரர் வழக்கம்போலக் கவரைப் பிரித்துப் படித்துக்காட்டப் போனார். "குடுங்க, நானே பாத்துக்கறேன்" என்றேன். "ஏனுங்க, பத்திரிகையில படமா போட்டிருக்கு பாக்கறதுக்கு?" என்று சிரித்தார். நான் அவர் முன்னாலேயே எழுத்துக் கூட்டி உன் பெயரைப் படித்தேன். பெண்ணின் பெயரைப் படித்தேன். கோயமுத்தூரில் மண்டபத்தின் பெயரைப் படிப்பதற்குள் அவருக்குப் பொறுமை போய் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அதற்கப்புறம்தான் என் பெயருக்கு வந்தேன். முன்னால் 'திரு' என்று போட்டிருந்தாய். அடுத்த வரியில், காலஞ்சென்ற காவேரி என்று உன் அம்மாவின் பெயர். இருபத்தெட்டு வருஷம் வாயால் கூப்பிட்ட பெயர். அதை எழுத்தில் படித்தது அன்று இரண்டாவது தடவை. முதல் தடவை எங்கே படித்தேன் என்று சொல்வதற்குத்தான் இந்தக் கடிதம். அதைச் சொல்லாமல் உன் கல்யாண மேடைக்குப் பக்கத்தில் நிற்க எனக்கு யோக்கியதை இல்லை.

படிக்கக் கற்றுக்கொண்டது எப்படி என்று முதலில் சொல்லிவிடுகிறேன், அதில் வெட்கம் குறைவு. போன வருஷம் மழை முடிந்த பிறகு, நம் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு வந்த செல்வி டீச்சர், சாயங்காலத்தில் பெரியவர்களுக்கும் சொல்லித் தருகிறேன் என்று வீடு வீடாக வந்து சொன்னார். உன்னைவிட வயதில் சின்னப் பெண். "தாத்தா, உங்களுக்கு வராதுன்னு நெனைக்காதீங்க. மலையில இத்தனை நாடு, இத்தனை கொடி, இத்தனை மூலிகை பேரு ஞாபகம் வெச்சிருக்கீங்க, இருநூத்துச் சொச்சம் எழுத்து எம்மாத்திரம்?" என்றார். போனேன். ஏழாவது மாதம் பஸ் போர்டைப் படித்தேன். நாற்பது வருஷமாகக் கண்டக்டரிடம் கேட்டுக் கேட்டு ஏறிய பஸ்ஸின் நெற்றியில் ஊர்ப் பெயர் அத்தனை பெரிதாக எழுதியிருந்தது. ரேஷன் கடைக் கதவுப் பலகையில் 'விடுமுறை' என்று எழுதியிருந்ததையும் ஒரு நாள் படித்தேன். அந்தப் பலகைக்கு முன்னால் போன வருஷம் அரை நாள் உட்கார்ந்திருந்தவன் நான். தனியாக நின்று சிரித்தேன்.

இனிச் சொல்ல வேண்டியதற்கு வருகிறேன்.

நீ கம்ப்யூட்டர் படித்துவிட்டு மலைக்குத் திரும்பி வந்த வருஷம் உனக்கு ஞாபகம் இருக்கும். உன்னோடு படித்த பையன்கள் பெங்களூர் போனார்கள். நீ மட்டும், நம் மிளகை நாமே உலகத்துக்குக் காட்டலாம் என்று வந்து நின்றாய். இருபத்திரண்டு குடும்பங்களைச் சேர்த்தாய். ஒவ்வொரு காட்டுக்கும் நடந்து போய் உட்கார்ந்து கேட்டு எழுதினாய். யார் காட்டில் எந்த மரத்தில் கொடி ஏறியிருக்கிறது, என்ன உரம் போடுகிறார்கள், எப்படிக் காய வைக்கிறார்கள் என்றெல்லாம் கேட்டாய். அந்த இருபத்திரண்டில் ஒருவனான துரைசாமி, "என்னுங்க மாமா, உங்க பையன் பொண்ணு பாக்க வந்தவனாட்டம் துருவிக் கேக்கறானே" என்று கேலி செய்தான். ஒரு குடும்பத்துக்கு ஒரு பக்கம் என்று வெப்சைட் வைத்தாய். நாமக்கல்லில் பிரவுசிங் சென்டருக்கு என்னைக் கூட்டிப்போய்க் காட்டினாய். என் படத்தைப் பார்த்தேன், தலையில் துண்டோடு நின்றேன். கீழே எழுதியிருந்தது என்னவென்று கேட்டேன். "உங்களைப் பத்தித்தாங்கப்பா" என்றாய். என்ன எழுதினாய் என்று மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்டால் எனக்குப் படிக்கத் தெரியாதது பக்கத்து நாற்காலிக்காரனுக்குத் தெரிந்துவிடுமே என்று கூச்சம்.

அன்று மலைக்குத் திரும்பும் பஸ்ஸில், வளைவுக்கு வளைவு நான் உன் தோளில் சாய, நீ தேடுபொறி என்றால் என்ன என்று சொல்லிக்கொண்டு வந்தாய். எனக்குப் புரியும்படி சொல்வதில் உன்னை அடிக்க ஆளில்லை. "உலகத்துல இருக்கற வெப்சைட்டை எல்லாம் ஒரு மெஷின் மாசத்துக்கு ஒருக்காப் படிச்சுட்டுப் போகுமுங்கப்பா. படிச்சதைப் புதுசா அடுக்கும். மிளகுன்னு ஒருத்தர் தேடினா, எதை முதல்ல காட்டறது, எதை அடுத்ததுன்னு அந்த அடுக்குல இருக்கும். நாம மேல இருந்தா நம்மளைத் தேடி வருவாங்க. இருபதுக்குக் கீழ போயிட்டா, சந்தையில கடைசிக் கடையாட்டம், அதுக்குள்ள வாங்கறவங்க பை ரொம்பிடும்." அந்த அடுக்கை ஒரே வீட்டில் வைத்திருக்கவில்லை, பல ஊர்களில் பல மெஷின்களில் வைத்திருக்கிறார்கள் என்றாய். புது அடுக்கு எல்லா ஊருக்கும் போய்ச் சேர நாலைந்து நாள் ஆகும். அந்த நாட்களில் ஒரு ஊர் மெஷினைக் கேட்டால் நம்மை முன்னால் காட்டும், இன்னொரு ஊர் மெஷினைக் கேட்டால் காட்டவே காட்டாது. "இப்படி முன்ன பின்ன ஆடும்போது கை வெக்கக் கூடாதுங்கப்பா. ஆடி முடிஞ்சு அதுவா நிக்கும். நாம எழுதறதை ஒழுங்கா எழுதிட்டு, நாலு நல்லவங்க நம்மளைப் பத்தி அவங்க பக்கத்துல சொல்ற மாதிரி நடந்துக்கிட்டாப் போதும்."

இரண்டு மாதம் கழித்து நீ அந்தச் சீட்டைக் கொடுத்தாய். கையகலத் தாள், நாலாக மடித்தது. "அப்பா, இது வெப்சைட்டுக்குச் சாவிங்க. இது தெரிஞ்சா யாரும் உள்ள போய் எழுதலாம், அழிக்கலாம். நான் மறந்தாலும் இது இருக்கும். உங்க பொட்டியில வெச்சுக்கங்க."

"ஏஞ்சாமி எங்கிட்ட?"

"உங்களுக்குத்தான் படிக்கத் தெரியாதே. இந்த மலையிலயே இதுக்கு உங்களைவிடப் பத்திரமான எடம் ஏது?"

நீ சிரித்தாய், நானும் சிரித்தேன். நீ நம்பிக்கையோடு சொன்னாய். எனக்கு உள்ளே சின்னதாக முள் குத்தியது, அதையும் ஒத்துக்கொள்கிறேன். பெட்டிக்கு அடியில், உன் அம்மாவின் புடவைக்குக் கீழே வைத்தேன்.

முதல் வருஷம் எப்படி ஓடியது என்று உனக்கே தெரியும். எங்கெங்கோ இருந்து கேட்டு எழுதினார்கள். மிளகை வாங்கியவர்கள் இன்னொருவருக்குச் சொன்னார்கள். சாமை வேண்டும், தேன் வேண்டும் என்றார்கள். அடுத்த அறுப்பில் இருபத்திரண்டு குடும்பமும் சந்தை வியாபாரிக்குக் கொடுக்காமல் மூட்டையை வீட்டிலேயே வைத்துக்கொண்டது, உன்னை நம்பி. அந்தச் சமயத்தில்தான் ஒரு மாதம் தேடுபொறி வழக்கமான ஆட்டம் ஆடியது. துரைசாமியின் மருமகன் சேலத்தில் தேடிப் பார்த்துவிட்டு, உங்கள் வெப்சைட்டையே காணோம் என்று போன் செய்தான். நீ நாமக்கல்லில் பார்த்தால் இருந்தது. "ஆடுதுங்க, நாலு நாள் பொறுங்க" என்று எல்லாரிடமும் சொன்னாய். எனக்கும் சொன்னாய். சந்தையில் துரைசாமி எல்லார் முன்னாலும் என்னைக் கேட்டான்: "ஏனுங்க மாமா, உலகத்துக்கே மிளகு விக்கறம்னு சொன்னீங்க. இப்பக் கடையே காணாமப் போச்சாமே, கரடி தூக்கிட்டுப் போயிருச்சா?" அத்தனை பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நாலு நாள் பொறுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை சாமி. நாலே நாள்.

மறுநாள் விடியக் காலையில் சீட்டை இடுப்பில் சொருகிக்கொண்டு கிளம்பினேன். நாமக்கல் பஸ்ஸில் போனால் நீ பார்ப்பாய், தெரிந்தவர்கள் பார்ப்பார்கள். அதனால் காட்டு வழியாக மறுபக்க அடிவாரத்தில் இருக்கும் புளியஞ்சோலைக்கு இறங்கினேன். அரை நாள் இறக்கம். திருடப் போகிறவன்தான் அப்படி வழி பார்த்துப் போவான். அங்கிருந்து துறையூருக்குப் பஸ். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் கடை ஒன்று, அதைச் சந்தையில் ஒருவர் சொல்லியிருந்தார். கடைக்காரரிடம் சீட்டைக் கொடுத்து, எங்களை முதலில் காட்ட வையுங்கள் என்றேன். அவர் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். எல்லாரும் செய்கிறார்கள் என்று நினைத்து அவரும் செய்துகொண்டிருந்தார்.

"பெரியவரே, அந்த மெஷினுக்குத் தீனி வார்த்தைதான். எத்தனை வார்த்தை போடறமோ அத்தனை மேல ஏத்தும். மலையைப் பத்தி, மிளகைப் பத்தி வாயில வர்றதெல்லாம் சொல்லுங்க."

"அத்தனையும் எழுதினாப் படிக்கறவங்க சிரிக்க மாட்டாங்களா?"

"வெள்ளைத் தாள்ல வெள்ளை எழுத்தாப் போட்டுருவேன். மனுசன் கண்ணுக்குத் தெரியாது. மெஷினுக்கு மட்டும்தான் தெரியும்."

அந்த நேரத்தில் எனக்கு எத்தனை பெருமை தெரியுமா? வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு படித்தவர் என்னிடம் வார்த்தை கேட்டுக் காத்திருந்தார். சொன்னேன். வாழவந்தி நாடு, பைல் நாடு என்று மலையிலுள்ள நாடுகளை வரிசையாகச் சொன்னேன். அருவி, கோயில், பலா, தேன், சாமை, தினை என்றேன். சளி, இருமல், மூட்டுவலி, சர்க்கரை என்று மிளகு தீர்க்காத நோயையெல்லாம் சொன்னேன். நாம் விற்காத ஏலக்காயையும் சந்தனத்தையும் சொன்னேன். அவர் தட்டிக்கொண்டே இருந்தார். "இன்னும், இன்னும்" என்றார். எல்லாம் தீர்ந்த பிறகு, வாய் நிற்காமல், காவேரிக் கொடி என்றேன்.

நீ பிறந்த வருஷம் உன் அம்மா வீட்டுக்குப் பின்னால் பலா மரத்தடியில் நட்ட மிளகுக் கொடி. அவள் போன பிறகு அதற்கு அந்தப் பெயரை நான் வைத்தேன். ஊரில் யாருக்கும் அந்தப் பெயர் தெரியாது. உன்னிடமும் என்னிடமும்தான் அது புழங்கியது.

வெப்சைட் முதலிடத்துக்கு வந்தது. "நாம பொறுமையா இருந்தது பலிச்சிருச்சுங்கப்பா" என்று நீ ஓடிவந்து சொன்னாய். நான் வாயை மூடிக்கொண்டு உள்ளுக்குள் சிரித்தேன். உன் படிப்பு செய்யாததை என் வாய் செய்தது என்று நினைத்தேன். அந்த நினைப்பு இரண்டு மாதம் இனித்தது. பிறகு ஒரு நாள் நீ நாமக்கல்லில் இருந்து முகம் வெளுத்து வந்தாய். இருபதில் இல்லை, நூறில் இல்லை, ஆயிரத்தில் இல்லை. ஆட்டமும் இல்லை. எந்த ஊர் மெஷினைக் கேட்டாலும் ஒரே பதில், இப்படி ஒரு வெப்சைட் இல்லை. தேடுபொறி தன் வேலையையே மாற்றிக்கொண்டுவிட்டது என்று சொன்னாய். மாதத்துக்கு ஒருமுறை வந்து போனது, இப்போது அன்றாடம் வருகிறதாம். வார்த்தையை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தது, இப்போது எழுத்தின் நிறத்தையும் தாளின் நிறத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து, ஒளித்து வைத்தவனைக் கண்டுபிடித்து வெளியே தள்ளுகிறதாம்.

"நம்ம பக்கத்துக்குள்ள யாரோ வார்த்தையை ஒளிச்சு வெச்சிருக்காங்கப்பா. மிளகுல பப்பாளி வெதை கலக்கற மாதிரி."

அதைச் சொல்லும்போது நீ என் முகத்தைப் பார்த்தாயா, தரையைப் பார்த்தாயா என்று எத்தனையோ நாள் யோசித்துப் பார்த்துவிட்டேன். உனக்குப் பத்து வயதில் நடந்தது எனக்கு உடனே ஞாபகம் வந்தது. நீ விளையாட்டாகப் பப்பாளி விதையைக் காயவைத்து மிளகு மூட்டையில் கலந்துவிட்டாய். பார்க்க இரண்டும் ஒன்று போலவே இருந்தன. புளிய விளாரால் உன்னை அடித்தேன். அப்புறம் மூட்டை முழுவதையும் அண்டாவில் தண்ணீர் விட்டுக் கொட்ட வைத்து, மிதந்த விதைகளை ஒவ்வொன்றாக உன்னையே எடுக்க வைத்தேன். "கலப்படம் பண்ணினவன் தண்ணியில போட்டாத் தெரிஞ்சு போவான்டா" என்று கத்தினேன். உன் அம்மா குறுக்கே வந்தாள், அவளையும் தள்ளினேன். அந்த அடி தேவையில்லாத அடி என்று இப்போது சொல்கிறேன். குழந்தை விளையாட்டாகச் செய்ததற்கு அவ்வளவு அடித்தவன், பெருமைக்காக நானே செய்துவிட்டு என்ன செய்தேன் என்று கேள்.

"அந்தச் சீட்டை யாருகிட்டயாவது காட்டினீங்களாப்பா?" என்று கேட்டாய்.

"இல்லை சாமி" என்றேன்.

கல்யாணம் ஆகப் போகிறவனுக்கு அப்பன் நாலு புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். என்னிடம் நாலு இல்லை, ஒன்றுதான் இருக்கிறது. அந்த 'இல்லை'யைப் பற்றியது. சொல்லி முடிக்க ஒரு மூச்சு போதும், அவ்வளவு சின்ன வார்த்தை. நான் அதைச் சொன்ன அன்றைக்கே திரும்ப எடுத்திருக்கலாம். மறுநாள் எடுத்திருந்தால் கொஞ்சம் வலித்திருக்கும். அடுத்த வாரம் எடுக்க முடியவில்லை, அதற்குள் ஊர் அதன்மேல் ஏறி நின்றுகொண்டது. உன் பெண்டாட்டியிடம் எப்போதாவது அப்படி ஒன்றைச் சொல்லிவிட்டால், சோறு ஆறுவதற்குள் எடுத்துவிடு கண்ணு.

மழை தொடங்கியது. சந்தை வியாபாரியும் கை விரித்துவிட, வாங்க ஆளில்லாமல் வீட்டுக்கு வீடு மிளகு மூட்டையிலேயே பூஞ்சை பிடித்தது. ஊர்க்கூட்டம் போட்டார்கள். கோயிலுக்கு முன்னால், இருபத்திரண்டு குடும்பமும். துரைசாமிதான் எழுந்தான். "கீழ்நாட்டு யாவாரிக்கு நம்ம வெப்சைட்டை வித்துப்போட்டான் இவன். இல்லீன்னா எப்படிக் காணாமப் போகும்?" நீ நிதானமாகச் சொன்னாய், உள்ளே யாரோ வார்த்தையை ஒளித்து வைத்ததால் தேடுபொறி தள்ளிவிட்டது என்று. "உள்ள போற சாவி ஆருகிட்ட இருக்குது?" என்று கேட்டான். நீ சட்டைப் பையில் இருந்து ஒரு தாளை எடுத்தாய். அதைப் பிரித்தாய். என்னை ஒரு தடவை பார்த்தாய். நீ தாளை மறுபடி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "எனக்கு மட்டுந்தாங்க தெரியும்" என்றாய். பிறகு கூட்டத்தின் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தாய். நம் ஊர் வழக்கப்படி தப்பை ஒத்துக்கொண்டவன் விழுவது போல விழுந்தாய். மழைத் தண்ணீர் தேங்கிய மண். உன் வெள்ளைச் சட்டை. நான் முன்வரிசையில் மூன்றாவது ஆளாக உட்கார்ந்திருந்தேன். அப்பாடா, இவனிடம் அத்தாட்சி ஒன்றும் இல்லை என்று நினைத்தேன். சாமி, நான் நினைத்தது அதுதான். எழுதிவிட்டேன், அழிக்க மாட்டேன்.

மறுநாள் முதல் பஸ்ஸுக்கு நீ கிளம்பினாய். அந்தத் தாளை என் கையில் கொடுத்து, "இதை வெச்சுக்கங்கப்பா. ஆருகிட்டயும் குடுத்துப் படிக்கச் சொல்லாதீங்க" என்றாய். வாங்கிப் பெட்டியில் சீட்டோடு சேர்த்துப் போட்டேன். எனக்கு எல்லாத் தாளும் ஒன்றுதான். ஆறு வருஷம் அது அங்கேயே கிடந்தது. நீ பண்டிகைக்குப் போன் பண்ணுவாய், நல்லா இருக்கீங்களாப்பா என்பாய், நல்லா இருக்கேன் சாமி என்பேன். மலைக்கு வா என்று நானும் சொன்னதில்லை, வருகிறேன் என்று நீயும் சொன்னதில்லை.

டீச்சர் கொடுத்த புத்தகம் முடிந்ததும், வீட்டில் படிக்க வேறு என்ன இருக்கிறது என்று தேடினேன். அப்போதுதான் அந்தத் தாள் ஞாபகம் வந்தது. ஒரு பக்கம் மெஷினில் அடித்த ஆங்கில எழுத்து. அதன் பக்கத்தில் நீ பேனாவால் தமிழில் பெரிது பெரிதாக எழுதியிருந்தாய், கூட்டத்தில் வாசித்துக்காட்டுவதற்கு. எவ்வளவு ஆசையாக அதை விரித்துக்கொண்டு உட்கார்ந்தேன் தெரியுமா? மகன் எழுத்தைப் படிக்கப் போகிறேன் என்று. வா-ழ-வ-ந்-தி என்று கூட்டினேன். பைல் நாடு என்று கூட்டினேன். மூட்டுவலி. ஏலக்காய். சந்தனம். நான் துறையூரில் சொன்ன அதே வரிசை. என் வாய் அந்தத் தாளில் உட்கார்ந்திருந்தது. கடைசி வார்த்தைக்கு வந்தேன். கா-வே-ரி. அப்போதுதான் உன் அம்மாவின் பெயரை எழுத்தில் முதல் தடவை படித்தேன். அந்த வார்த்தைக்குக் கீழே நீ பேனாவால் ஒரு கோடு போட்டிருந்தாய். அதற்கப்புறம் ஒன்றும் எழுதவில்லை.

ஆக உனக்குக் கூட்டத்துக்கு முன்னாலேயே தெரியும். அத்தாட்சியைக் கையில் வைத்துக்கொண்டு விழுந்தாய். நான் விழ வேண்டிய இடத்தில்.

செல்வி டீச்சரிடம் போய் நம் வெப்சைட்டைப் பார்க்க முடியுமா என்று கேட்டேன். பள்ளிக்கூடக் கம்ப்யூட்டரில் தேடினார். முதல் வரியில் வந்தது. மூன்று வருஷமாக மறுபடி மிளகு கேட்டுப் போன் வருவதை நாங்களும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். துரைசாமி, "பார்த்தீங்களா, அதுவாச் சரியாயிருச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தான். எதுவும் அதுவாகச் சரியாகாது என்று டீச்சர்தான் சொன்னார். யாரோ அந்த வார்த்தைகளை எடுத்துவிட்டு, தேடுபொறிக்காரர்களுக்கு எழுதிக் கேட்டு, அவர்கள் வழியை மாற்றும்போதெல்லாம் கூடவே பார்த்துப் பார்த்துப் பக்கத்தைப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறார்கள் என்றார். யாரோ! என் பக்கத்தைத் திறக்கச் சொன்னேன். துண்டு கட்டிய படம். கீழே, நான் அன்று கேட்கக் கூச்சப்பட்ட வரியை நானே படித்தேன். 'இவர் மிளகை நம்பி வாங்கலாம். தண்ணீரில் போட்டால் ஒரு விதைகூட மிதக்காது.' இத்தனைக்கும் பிறகு நீ அதை மாற்றவில்லை. டீச்சர், "என்னங்க தாத்தா, கண்ணுல தூசியா?" என்றார். ஆமாம் என்றேன். 'இல்லை'யைப் போல இதுவும் ஒரு பொய்தான், ஆனால் கெடுதல் செய்யாத பொய்.

நேற்று ஊர்க்கூட்டம் நடந்தது. நானே கேட்டுக்கொண்டு கூட்டச் சொன்னேன். இந்தக் கடிதத்தில் இதுவரை எழுதியதை எழுந்து நின்று வாசித்தேன். எழுத்துக் கூட்டித்தான் வாசித்தேன், நேரம் ஆயிற்று. முதலில் நான் படிப்பதைப் பார்த்துச் சிரித்தார்கள், யாரோ கைகூடத் தட்டினார்கள். கம்ப்யூட்டர் கடை வந்ததும் சத்தம் அடங்கியது. வாசித்து முடித்துவிட்டு, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு விழுந்தேன். நீ விழுந்த அதே இடத்தில்தான், அளந்து வைத்திருந்தேன். முழங்கால் மடங்க நேரமாயிற்று. கடைசியில் துரைசாமிதான் பேசினான்.

"அந்தப் பையன் சேத்துல கெடந்ததை அன்னிக்கு நான் பாத்தனுங்க மாமா. நீங்க வாயைத் தொறக்காம உக்காந்திருந்ததை இன்னிக்குத்தான் பாக்கறேன்."

தரையிலேயே கிடந்தேன். பிறகு அவனே வந்து கை கொடுத்துத் தூக்கினான். "எந்திரிங்க. உங்க பையனைத் திருடன்னு சொன்னது என்ற வாயி. அதுக்கு நான் ஆருகிட்டப் போயி உழுகறது?" என்றான். கூட்டம் கலையும்போது கூப்பிட்டுச் சொன்னான்: "கல்யாண ரசத்துக்கு மிளகு எங்க இருபத்திரண்டு ஊட்டுதுதான் போகோணும். தண்ணியில போட்டுப் பாத்துக்கச் சொல்லுங்க உங்க பையனை." அந்த மிளகு இப்போது என் கால்மாட்டில் மூட்டையாக இருக்கிறது. காவேரிக் கொடியில் பறித்ததைத் தனியாக ஒரு துணியில் முடிந்து வைத்திருக்கிறேன்.

நீ என்னை மன்னிக்க வேண்டும் என்று எழுத மாட்டேன். அதைக் கேட்கிற இடத்தில் நான் இல்லை. உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். இந்தக் கடிதத்தை அந்த வெப்சைட்டில் என் பக்கத்தில் போட்டுவிடு. என் மிளகை நம்பலாம் என்று எழுதியிருக்கிறாயே, அதற்குக் கீழே. வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்தாக, மெஷினும் படிக்கட்டும், மனுஷனும் படிக்கட்டும். அதனால் பின்னுக்குத் தள்ளினாலும் பரவாயில்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் வந்துவிடுவேன். கண்டக்டரைக் கேட்க மாட்டேன், போர்டைப் படித்து ஏறுவேன். உன் சீட்டையும் கொண்டுவருகிறேன். துறையூருக்குப் பிறகு யாரிடமும் காட்டவில்லை. நானும் படிக்கவில்லை, அது ஆங்கில எழுத்து. ஆனால் செல்வி டீச்சர் போன வாரம் ஆங்கிலம் ஆரம்பித்துவிட்டார். எஃப் வரை வந்துவிட்டேன். அதனால் அதை நீயே வாங்கி வைத்துக்கொள், சாமி. இனிமேல் என்னிடம் அது பத்திரமில்லை.

உன் அப்பன்